யோசேப்பின் மெழுகுதிரி

கிறிஸ்துமஸ் என்னும் சொல்லைக் கேட்டவுடன் என் மனக்கண்ணில் முதலில் எழுவது நட்சத்திரமன்று, குடிலுமன்று, ஒரு கை. மார்கழி மாதத்து அதிகாலையில், மணி நான்கு அடிப்பதற்கும் முன்பு, திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள தேரிக்காட்டுச் செம்மணலில் பாதம் புதையப் புதையக் கோயிலை நோக்கி நடந்த என் பாட்டி, வலக்கையில் ஏந்திய சிறு தகர விளக்கின் சுடரைக் காற்று கொண்டுபோகாதிருக்கும் பொருட்டு, இடக்கையைக் குவித்து அதன் முன்னே பிடித்திருப்பார். வீட்டிலிருந்த ஒரே அரிக்கன் லாந்தரைத் தாத்தா கோயில் வேலைக்கென்று முன்னதாகவே எடுத்துச் சென்றிருப்பார். ஆதலால் கண்ணாடிக் கூண்டில்லாத அந்தத் தகர விளக்கே எங்களுக்கு வழித்துணை. பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த எனக்குப் பாதையைக் காட்டிலும் அந்தக் கைதான் நன்றாகத் தெரியும். சீமையெண்ணெய்ச் சுடரின் பிரகாசம் விரல்களின் சதையை ஊடுருவி, இடுக்குகளில் செவ்வரளி மொட்டைப் போலச் சிவந்து நிற்கும். ஓலை முடைந்தும், பதநீர் காய்ச்சியும், விறகு பிளந்தும் காய்த்துப்போயிருந்த கை அது. பகலில் அதை நான் கவனித்ததேயில்லை. அந்த ஒரு நடையின்போது மட்டும் அது உள்ளேயிருந்து எரிவதைப் போலிருக்கும்.

நாங்கள் மட்டும் நடக்கவில்லை. பனங்காட்டுக்கு அப்பாலுள்ள குடியிருப்புகளிலிருந்தும் ஜனங்கள் காய்ந்த ஓலைகளைச் சுருட்டிக் கட்டிய பந்தங்களை வீசிக்கொண்டு வருவார்கள்; வீசினால்தான் ஓலை கனன்று எரியும், நிறுத்தினால் புகைந்துவிடும். தொலைவிலிருந்து பார்க்கும்போது ஆட்கள் தெரிவதில்லை. மரங்களுக்கிடையே சிவப்புப் பொறிகள் தோன்றுவதும் மறைவதுமாகப் பல திசைகளிலிருந்தும் நெருங்கி வருவதே தெரியும். கோயில் முற்றத்தை அடைந்ததும் ஒவ்வொருவரும் தம் பந்தத்தை மணலில் குத்தி அணைத்துவிட்டு, முகம் அலம்பிக்கொண்டு உள்ளே செல்வார்கள். அந்தக் கரிந்த ஓலையின் வாசனைதான் எனக்கு இன்றைக்கும் பண்டிகையின் வாசனை.

சேகரத்து ஐயர் அன்றைக்குப் பெரிய ஊர்க் கோயிலில் ஆராதனை நடத்துவாராகையால், எங்கள் சிற்றூரில் உபதேசியாரே எல்லாவற்றையும் நடத்துவார். உத்தரத்தில் தொங்கிய காஸ் விளக்கு சீறிக்கொண்டிருக்க, அதன் கீழே நின்று அவர் சுவிசேஷத்தை வாசிக்கத் தொடங்குவார். மேய்ப்பர்களும், தூதர் சேனையும், முன்னணையில் கிடத்தப்பட்ட பாலகனும் வரப்போகிறார்கள் என்று ஆவலோடு காத்திருந்த சிறுவனாகிய எனக்கு ஆண்டுதோறும் ஏமாற்றமே நேரும். ஏனெனில் பழைய ஜெபப் புஸ்தகத்தின் ஒழுங்குப்படி கிறிஸ்துமஸ் தினத்துக்குக் குறிக்கப்பட்ட சுவிசேஷ பாகம் லூக்கா எழுதியதன்று; யோவான் எழுதிய முகவுரை. அதில் மரியாள் இல்லை, பெத்லகேம் இல்லை, ஓர் ஆடுகூட இல்லை. வார்த்தை என்றும், ஜீவன் என்றும், ஒளி என்றும், இருள் என்றும் பெரிய பெரிய சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மலைமேல் மேகம் நகர்வதைப் போல நகர்ந்து செல்லும். தூக்கம் கண்ணைச் சுழற்றும் அந்த நேரத்தில், அவற்றுள் ஒரே ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கிற்று. இருளுக்குள்ளே ஒளி பிரகாசிப்பதைச் சொல்லிவிட்டு, அந்த இருள் ஒளியை என்ன செய்யவில்லை என்பதைச் சொல்ல வருமிடத்தில் எங்கள் வேதாகமம் கையாண்ட வினைச்சொல் அது: ‘பற்றிக்கொள்ளவில்லை.’

பற்றுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மார்கழிப் பனியில் நமுத்துப்போன தீக்குச்சியைப் பாட்டி எத்தனை முறை உரசினாலும் அது பற்றாது. ஈர விறகு பற்றாது. எண்ணெய் ஊறாத புதுத் திரி பற்றாது. ஆகவே, ஒளியானது ஒவ்வோர் இரவும் இருளின் பக்கத்திலே வந்து நின்று, பொறுமையாகத் தன் சுடரை அதன்மேல் வைத்துப் பார்க்கிறதென்றும், நமுத்துப்போன இருள் பற்றிக்கொள்ள மறுக்கிறதென்றும் நான் அர்த்தம் செய்துகொண்டேன். அந்த அர்த்தம் இலக்கணப்படி பிழையென்று பின்னாளில் அறிந்தேன். ஆனால் அதைவிட்டு நான் முழுவதும் நீங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.

யோவான் கிரேக்க மொழியில் எழுதிய வினை இரண்டு பொருள்களைத் தாங்குவது. கையால் எட்டிப் பிடித்து வசப்படுத்துவது ஒன்று. அறிவால் பிடித்து உணர்ந்துகொள்வது மற்றொன்று. இருள் ஒளியை மேற்கொள்ளவில்லை என்றும் படிக்கலாம், இருள் ஒளியைக் கண்டுணரவில்லை என்றும் படிக்கலாம். முன்னது வெற்றி முழக்கம், பின்னது துக்கச் செய்தி. பூர்வீக வியாக்கியானிகள் இரு பக்கமும் நின்று பேசியிருக்கிறார்கள். 1871-இல் ஹென்றி பவர் ஐயரின் குழு முடித்த மொழிபெயர்ப்பு, அந்த இரட்டைத்தன்மையைக் கெடுக்காமல் ‘பற்று’ என்னும் வினைக்குள் வைத்துவிட்டது. அண்மைக்காலத்துப் பொது மொழிபெயர்ப்பு வெற்றியின் பக்கம் தெளிவாகச் சாய்ந்துவிட்டது. அதில் குற்றமில்லை; எனினும் தெளிவு கிடைக்கும்போது ஒரு துக்கம் தொலைந்துபோகிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்துக்கு நம் மொழியில் இன்னொரு வினையும் காத்துக் கிடக்கிறது. ‘அணைத்தல்’ என்கிறோம், குழந்தையை மார்போடு தழுவுவதும் அணைத்தல், விளக்கை அவிப்பதும் அணைத்தல். இருள் ஒளியை அணைக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருப்பாரானால், இருள் அதைத் தழுவி ஏற்றுக்கொள்ளவுமில்லை, அவித்து ஒழிக்கவுமில்லை என்னும் இரு பொருளும் ஒரே மூச்சில் அடங்கியிருக்கும். யோவானின் எண்ணத்துக்கு இவ்வளவு நெருங்கிய சொல் வேறு மொழிகளில் எளிதில் கிடைக்குமா என்பது சந்தேகமே. அதோடு, அந்த முகவுரையில் நடந்தவற்றையெல்லாம் இறந்தகாலத்தில் அடுக்கிக்கொண்டு வந்தவர், ஒளியைச் சொல்லுமிடத்தில் மட்டும் திடீரென்று நிகழ்காலத்துக்கு மாறுகிறார். எல்லாம் உண்டாயின, ஆனால் அது பிரகாசிக்கிறது. இருள் செய்ய முயன்றதோ முடிந்துபோன செயலாக நிற்கிறது. அதிகாலைத் தூக்கத்தில் இந்த வேற்றுமை என் காதில் விழவில்லை. விழுவதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

கிறிஸ்து பிறந்த நாள் இன்னதென்று சுவிசேஷகர் எவரும் குறித்து வைக்கவில்லை. டிசம்பர் 25-ஐ அவருடைய பிறப்போடு சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய சான்று, 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோமாபுரிப் பஞ்சாங்கத் தொகுப்பு ஒன்று. அந்நாளைய கணக்கில் பகல் மிகவும் குறுகி, மறுபடி வளரத் தொடங்கும் தினம் அது. சூரியன் தோற்று ஒடுங்கி, பின்னர் திரும்பி எழுவதைக் கண்ணால் காண்கிற ஜனங்களுக்கு, நீதியின் சூரியனாகிய ஒருவரை அந்நாளில் கொண்டாடுவது எவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். பொருந்தியது சற்று அதிகமாகவே பொருந்திவிட்டது; ஐந்தாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் அத்தியட்சராயிருந்த மகா லேயோ, பேதுருவின் ஆலயப் படிகளில் ஏறும் கிறிஸ்தவர்கள் உள்ளே நுழையுமுன் திரும்பி நின்று, உதிக்கும் சூரியனுக்குத் தலைவணங்கிவிட்டுச் செல்வதைத் தம் கிறிஸ்துமஸ் பிரசங்கமொன்றில் மனம் நொந்து கண்டிக்கிறார். நான் அவர்களைக் கடிந்துகொள்ளத் துணியேன். குளிரில் நடுங்கிய சரீரம் தன் நன்றியைத் தெரிந்த திசையில் செலுத்திவிட்டது.

ஆனால் அந்தக் குளிரும் அந்த ஏக்கமும் நம்முடையவையல்ல. ரோமாபுரியில் டிசம்பர் மாதத்து மிகக் குறுகிய பகல் 9 மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. சீகன்பால்க் ஐயர் கல்வி பயின்ற ஜெர்மானிய நகரமாகிய ஹாலேயில் அது 8 மணி நேரத்தையும் எட்டுவதில்லை. எங்கள் தேரிக்காட்டிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11½ மணி நேரத்துக்குக் குறையாது. 1706 ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய அந்த இளைஞர், பனி விழாத, இலை உதிராத, மாலை ஐந்து மணிக்கும் வெயில் காயும் தம் முதல் டிசம்பரில் கிறிஸ்துமஸை எப்படி உணர்ந்திருப்பார் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. ஒளியைக் குறித்து அவர் தம் தாய்நாட்டில் பாடக் கற்றிருந்த கீதங்களெல்லாம் இருண்ட நாட்டுக்காரர் பாடியவை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 1715-இல், இந்திய மொழிகளுள் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாட்டைத் தரங்கம்பாடி அச்சுக்கூடம் தமிழிலே வெளியிட்டபோது, யோவானின் ஒளியைப் படிக்கவேண்டியவர்கள் வெயிலில் வெந்தவர்களாயிருந்தார்கள்.

வெயில் நமக்கு ஏக்கப்பொருளன்று. சித்திரை மாதத்தில் தேரி மணலில் செருப்பின்றி நடந்தவனுக்கு ஒளி என்பது தகிப்பு. பனையேறியின் முதுகைப் பிளப்பது அது, கிணற்றை வற்றச்செய்வது அது. நாம் தேடுவது நிழலை. பெரியோர்களை வாழ்த்தும்போது ‘உங்கள் நிழலில்’ என்கிறோமேயன்றி உங்கள் வெயிலில் என்று சொல்வதில்லை. அப்படியிருக்க, கிறிஸ்து ஒளியாய் வந்தார் என்னும் செய்தி, ஏற்கெனவே ஒளி மிகுந்த இந்த நாட்டில் எவ்விதமாய் நற்செய்தியாகும் என்பது எனக்கு விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை. நெடுநாள் யோசித்து நான் கண்டடைந்தது இவ்வளவே: நமக்குச் சூரியன் வேண்டியதில்லை, விளக்கு வேண்டும். சூரியன் தானே வருவது, தானே போவது. அதன் பொருட்டு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. விளக்கோ, எண்ணெய் கேட்கும், திரி கேட்கும், காற்றிலிருந்து மறைக்க ஒரு கை கேட்கும். சர்ப்பம் கிடக்கும் வரப்பிலும், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றோரத்திலும் நடக்கிறவனுக்கு அடுத்த அடி தெரிந்தால் போதும். அடிவானம் தெரிய வேண்டியதில்லை. உலகத்தின் சிருஷ்டிகர் உலகத்துக்குள் வரத் தீர்மானித்தபோது உச்சிச் சூரியனாக வராமல், பிறர் ஏந்தினாலன்றி நிலைக்காத ஒரு குழந்தையாக வந்தார் என்பதை, விளக்கேந்தி நடந்த ஜனங்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரத்தில் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

பள்ளியில் எங்கள் தமிழாசிரியர், முதலாழ்வார்கள் மூவர் திருக்கோவலூரில் மழை பெய்த ஓர் இருட்டிரவில் ஒரே இடைகழியில் ஒதுங்கிய வரலாற்றைச் சொல்லக் கேட்டபோது என் மெய் சிலிர்த்தது. ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருந்த அந்த இடுக்கில், நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார் என்றும், நெருக்குபவர் யாரென்று காண்பதற்காகப் பொய்கையார் வையத்தையே விளக்காக ஏற்றினார் என்றும், பூதத்தார் அன்பை அகலாக்கினார் என்றும் அவர் சொன்னார். சத்திரத்தில் இடமில்லாமற்போன கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்த இடமில்லாமை அந்நியமாகத் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் விசுவாசம் அவரவர்க்கு மெய்யானது. தெய்வம் நெருக்கமான இடத்தையும் இருட்டையும் தேர்ந்துகொள்ளும் என்பதை நம்புவதற்கு என் செவி முன்கூட்டியே பழகியிருந்தது என்பதை நன்றியோடு சொல்லிவைக்கிறேன்.

பெத்லகேமின் இரவைச் சுவிசேஷங்களில் நிதானமாக வாசித்தால் ஒன்று புலப்படும். மகிமையின் பிரகாசம் சூழ்ந்தது வயல்வெளியிலிருந்த மேய்ப்பரைத்தான். பிள்ளை பிறந்த இடத்தில் ஏதேனும் ஒளி இருந்ததாக லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. மேய்ப்பருக்குக் கொடுக்கப்பட்ட அடையாளமும் ஒளியன்று; துணியில் சுற்றப்பட்டு முன்னணையில் கிடத்தப்பட்ட ஒரு சிசு. தூதர்கள் போய்விட்ட பிறகு வயலில் மறுபடியும் இருட்டு வந்து கவிந்திருக்கும். பெரும் பிரகாசத்தைக் கண்ட கண்ணுக்கு அது முன்னிலும் அடர்ந்த இருட்டாகவே இருந்திருக்கும். அந்த அந்தகாரத்தில் தட்டுத் தடுமாறி ஊருக்குள் நடந்து, கதவு கதவாக விசாரித்து, கடைசியில் கால்நடைகளுக்கான ஓரிடத்தில் துணிச்சுற்றலைக் கண்டுபிடித்தார்கள். எதைக்கொண்டு கண்டார்கள்? யாரோ ஒருவர் அங்கே ஒரு விளக்கை ஏற்றி வைத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்வி எனக்கு முன்பே பலருக்கு எழுந்திருக்கிறது. சுவீடன் தேசத்துப் புனித பிரிஜித்தம்மாள் 1372-இல், முதுமையிலே, பெத்லகேமுக்கு யாத்திரை சென்றபோது கண்ட தரிசனத்தில், யோசேப்பு எரிகிற மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் பொருத்திவிட்டு வெளியே செல்கிறார். பிள்ளை பிறந்த அக்கணமே அதன் மேனியிலிருந்து எழுந்த ஜோதியின் முன், சூரியனும் ஒப்பாகாது என்னும்படி, அந்த மெழுகுதிரி இருந்தும் இல்லாததாயிற்று. அத்தரிசனத்துக்குப் பின் ஐரோப்பிய ஓவியர்கள் அநேகர் குழந்தையையே விளக்காக வைத்து வரையலானார்கள். லண்டனிலுள்ள கீர்ட்கென் என்னும் டச்சு ஓவியரின் சிறிய படத்திலும், டிரெஸ்டன் நகரத்திலுள்ள கொரெஜ்ஜோவின் பெரிய படத்திலும், மரியாளின் முகம் பிள்ளையின் மேனியிலிருந்தே ஒளிபெறுகிறது. அழகில் அவற்றுக்கு ஈடில்லை. அந்த அம்மையாரின் பரிசுத்தத்துக்கு முன் தலைவணங்கியே சொல்கிறேன்: என் மனம் அந்தச் சுவரிலிருந்த மெழுகுதிரியை விட்டு அகல மறுக்கிறது. பிரசவ வேதனைப்பட்ட ஒரு பெண்ணுக்காக, அறியாத ஊரில், நள்ளிரவில், எங்கேயோ கெஞ்சிக் கேட்டு வாங்கிவந்த நெருப்பு அது. தமக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட ஒரு தச்சர், வேறொன்றும் செய்யத் தோன்றாமல் செய்த காரியம் அது. தெய்வீகப் பிரகாசம் அதை வெட்கப்படுத்திற்று என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளை முதன்முதலில் தன் தாயின் முகத்தைக் கண்டது என்று நினைத்துக்கொள்வதே எனக்கு ஆறுதல்.

ழார்ஜ் தெ லா தூர் என்னும் பிரெஞ்சு ஓவியர் இதை உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் லொரேன் பிரதேசத்தில் வாழ்ந்தவர் அவர். முப்பதாண்டு யுத்தத்தில் அவருடைய ஊராகிய லூனெவில் 1638-இல் எரிக்கப்பட்டது. தீயின் கொடுமையைக் கண்டறிந்தவர் தம் பிற்காலமெல்லாம் சிறு சுடர்களை வரைந்துகொண்டிருந்தார். பாரிஸ் நகரத்து லூவ்ர் காட்சிசாலையிலுள்ள ‘தச்சனாகிய யோசேப்பு’ என்னும் அவருடைய ஓவியத்தை நான் அச்சுப்பிரதியில்தான் பார்த்திருக்கிறேன். வயோதிக யோசேப்பு குனிந்து மரத்தைத் துளையிடுகிறார். நெற்றிச் சுருக்கங்களில் வெளிச்சம் படிந்திருக்கிறது. எதிரே சிறுவனாகிய இயேசு ஒரு மெழுகுதிரியைப் பிடித்து, காற்றுப்படாதபடி மறு கையால் அதை மறைத்திருக்கிறான். சுடரின் ஒளி அந்தப் பிஞ்சு விரல்களை ஊடுருவி, நக ஓரத்து அழுக்கும் தெரியச் சிவந்து நிற்கிறது. முதன்முறை அதைக் கண்ட தினத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தேரிக்காட்டின் கை அது. ஒளியாய் வந்தவர், தமக்காக ஒருகால் விளக்கேற்றியவருக்கு இங்கே விளக்குப் பிடிக்கிறார்.

எங்கள் வீட்டு நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். மூங்கிலைப் பிளந்து சீவி, ஐந்து முனையாக நூலால் இறுக்கி, இரண்டு சட்டங்களை எதிரெதிரே வைத்து நடுவில் குறுக்குச் சிம்பு கொடுத்தால் வயிறு புடைத்துக்கொள்ளும். அதன்மேல் மைதாப் பசை தடவிச் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டி, உள்ளே தகர விளக்கை உட்கார வைப்போம். பசை காய்வதற்குள் தாளை இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். என் ஒன்பதாம் வயதில், பண்டிகைக்கு முந்தின இரவு, வாடை திடீரென்று திரும்பி வீசவே விளக்கு சாய்ந்து தாள் பற்றிக்கொண்டது. ஒரு நொடி முழுவதும் ஜெகஜ்ஜோதியாய் எரிந்து, மறு நொடி மூங்கில் எலும்புகள் மட்டும் மிஞ்சின. மூன்று நாள் வேலை போயிற்றே என்று நான் அழுதேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. ஏணியைப் போடச் சொல்லி, கரிந்த சிம்புகளைத் துணியால் துடைத்து, அந்த வெறும் சட்டத்துக்குள்ளேயே விளக்கை மறுபடி ஏற்றி, காற்று வரும் பக்கத்தில் ஒரு பனையோலையைச் செருகி வைத்தார். விடியற்காலை கோயிலுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, அழகும் இல்லை, ஆனால் தாள் மறைக்காத சுடர் முன்னைக்காட்டிலும் வெகுதூரம் தெரிந்தது. இப்போது வீதிதோறும் மின்சார நட்சத்திரங்கள் தொங்குகின்றன. அவற்றை நான் குறைவாக எண்ணவில்லை. பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும்போது அவர்கள் கண்ணில் தெரிவது அதே சந்தோஷந்தான்.

பெத்லகேமிலும் ஒரு நட்சத்திரம் உண்டு. பிறப்பின் ஆலயத்தில், படியிறங்கிச் செல்லும் குகையின் தரையில், பதினான்கு முனைகளோடு வெள்ளியில் பதிக்கப்பட்டது. 1847-இல் அது களவுபோயிற்று. சபைகளுக்கிடையே மூண்ட பூசல் அரசர்களின் பூசலாக வளர்ந்து, கிரிமிய யுத்தத்தின் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1853-இல் புதிய நட்சத்திரம் பதிக்கப்பட்டது. அதைச் சூழ்ந்து பதினைந்து விளக்குகள் எரிகின்றன: ஆறு கிரேக்கருடையவை, ஐந்து ஆர்மீனியருடையவை, நான்கு லத்தீன் சபையாருடையவை. விளக்கையும் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்த நம் இருதயத்தின் நிலையை நினைத்தால் துக்கம் தொண்டையை அடைக்கிறது. ஆயினும் பதினைந்தும் எரிகின்றன. தரையில் முழந்தாளிடும் யாத்திரிகர் தம்மேல் விழும் வெளிச்சம் எந்தச் சபையாருடையது என்று பிரித்தறிய வழியில்லை.

2004-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சனிக்கிழமையன்று வந்தது. மறுநாள் ஞாயிறு காலையில் கடல் எழுந்தது. தமிழ்நாட்டுக் கரையோரத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரை அது கொண்டுபோயிற்று. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர்ப்பெயர்கள் அன்றுமுதல் வேறுவிதமாக ஒலிக்கின்றன. முந்தின நாள் புத்தாடை உடுத்திக் கோயிலில் அந்த முகவுரையைக் கேட்டவர்கள் அவர்களுள் இருந்தார்கள். இருள் ஒளியை மேற்கொள்ளவில்லை என்று அந்த வாரத்தில் எவரேனும் என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். அந்த வாக்கியம் பொய் என்பதனாலன்று. குழந்தையின் உடலைத் தேடிக்கொண்டிருப்பவளுக்கு முன்னால் வெற்றியைப் பற்றிப் பேச யாருக்கும் உரிமையில்லை என்பதனால். பற்றிக்கொள்ளவில்லை என்னும் பழைய சொல்லை அப்போது எண்ணிக்கொண்டேன். அது தன்னுள்ளே துக்கத்துக்கும் இடம் வைத்திருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு டிசம்பர் 26-ஆம் தேதி மாலை, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், ஒரே குழியில் அடக்கப்பட்டவர்களின் கல்லறை அருகே நடந்த ஜெபத்தில் நானும் நின்றேன். ஆண்டுதோறும் அன்றைக்கு அங்கே மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். கடற்காற்று நிற்காமல் வீசிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்த ஒவ்வொருவரும் ஒரு கையில் திரியும், மறு கையால் மறைவுமாக நிற்க, இருட்டிலே நூற்றுக்கணக்கான சிவந்த கைகள் தெரிந்தன. என் கையிலிருந்தது இரண்டு முறை அவிந்துபோயிற்று. மூன்றாம் முறை திரி அலைத்துளியில் நனைந்து எரிய மறுத்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், என்னிலும் மூத்தவர், தம் மகளின் பெயரைக் கல்லில் விரலால் தடவிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்தவர், ஒன்றும் கேட்காமல் தம் மெழுகுதிரியைச் சாய்த்து என் திரியின்மேல் வைத்தார். அது சிடுசிடுத்தது, பற்றவில்லை. கையை எடுத்துவிடுவாரென்று நினைத்தேன். அவர் மற்றக் கையையும் கொண்டுவந்து இரண்டு சுடருக்கும் சேர்த்து மறைவாகக் குவித்துக்கொண்டார்.

“ஈரமா இருக்கு. கொஞ்சம் பொறுங்கய்யா,” என்றார். “இப்பம் பத்தும்.”